தைத்த நெஞ்சும் தண்ணீர்க் குடமும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில் பிரயாணம் செய்தவர்கள் ஹுன்னஸ்கிரியவை மறந்திருக்க மாட்டார்கள். தெல்தெனியவைத் தாண்டி, கண்டியின் கடைசி மன்னன் 1815 ஆம் ஆண்டில் பிடிபட்ட மெதமகநுவரைப் பகுதியையும் கடந்து, பஸ் வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு மலையேறும்போது, ஏதோ ஒரு வளைவில் குளிர்காற்று முகத்தில் வந்து அடிக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகிலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சிறு கடைவீதி. மீமுரேக்குப் பிரிந்து செல்லும் பாதை. மேலும் கீழுமாகத் தேயிலைச் சரிவுகள். அழகை இரசிக்க வந்தவனுக்கு இது சுவர்க்கம். ஆனால் நெஞ்செலும்பை நெடுக்கே அறுத்துத் திறந்து, இருதயத்தைச் செப்பனிட்டு, மீண்டும் கம்பியாற் கட்டித் தைத்து அனுப்பப்பட்ட ஒருவர் அந்தக் கடைவீதியில் இறங்கித் தமது லயத்தை நோக்கி அண்ணாந்து பார்க்கும்போது, அவர் கண்ணுக்குத் தெரிவது அழகு அன்று, படிகள்.

அவர் கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த கார்ட் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது ஆங்கிலம். வார்ட்டை விட்டு வெளியேறும்போது வாய்மொழியாகக் கேட்ட வாக்கியம் ஒன்று மாத்திரம் நினைவில் நிற்கிறது: "பாரம் தூக்கக் கூடாது."

நல்லது. ஆனால் பாரம் என்பது யாது? பீலியிலிருந்து கொண்டுவரும் ஒரு குடம் தண்ணீர் பாரமா? பத்து மாதக் குழந்தை பாரமா? தேநீர்க் கேத்தல் பாரமா? எத்தனை நாளைக்கு இந்தத் தடை? இவற்றுக்கு விடை தெரியாத காரணத்தினால், ஒரு வீட்டில் நோயாளியைப் பாயை விட்டு எழும்பவே விடுகிறார்களில்லை. மற்றொரு வீட்டிலோ, "ஆளைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று மூன்றாம் வாரமே விறகு கட்டச் சொல்கிறார்கள். இரண்டும் பிழை. முதலாவது அன்பினால் செய்யும் பிழை. இரண்டாவது வறுமையினால் நேரும் பிழை. இவற்றுக்கு நடுவே உள்ள வழியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

கட்டுப் போட முடியாத எலும்பு

கை எலும்பு முறிந்தால் வைத்தியர் என்ன செய்கிறார்? மாக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசைக்காதே என்கிறார். நெஞ்செலும்புக்கு அப்படிக் கட்டுப் போட முடியாது. ஏனெனில் நாம் மூச்சு விட்டாக வேண்டும். நிமிஷத்துக்கு 15 தடவை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 21,600 தடவை அந்த எலும்பு ஏறி இறங்குகிறது. அறுக்கப்பட்ட எலும்பின் இரு பாதிகளையும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளால் இறுக்கி முறுக்கி விடுகிறார்கள். வெளியே தோலில் தெரியும் தையல் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே எலும்பு ஓரளவு உறுதியாகப் பொருந்துவதற்கு ஆறு முதல் எட்டு வாரமும், நன்றாக இறுகுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதமும் வேண்டும். அதுவரையில் நெஞ்சைத் தாங்கி நிற்பது அந்த மெல்லிய கம்பிகளே. அவை வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருக்கும். அதைப்பற்றி அஞ்சத் தேவையில்லை.

இந்தச் சத்திரசிகிச்சையின் சரித்திரம் அவ்வளவு பழையது அன்று. 1953 மே மாதம் 6 ஆம் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜோன் கிபன் என்பவர், 18 வயதுப் பெண்ணொருத்தியின் இருதயத்திலிருந்த துவாரத்தை அடைத்தார். 26 நிமிஷ நேரம் அவளுடைய இருதயமும் சுவாசப்பையும் செய்யவேண்டிய வேலையை ஓர் இயந்திரம் செய்தது. அக்காலத்தில் மார்பைக் குறுக்கே பிளந்தே இருதயத்தை அடைந்தார்கள். நெஞ்செலும்பை நெடுக்கே அறுக்கும் வழியே சிறந்தது என்று டாக்டர் ஓர்மண்ட் ஜூலியன் 1957 இல் எடுத்துக்காட்டிய பின்னரே இன்றைய முறை பரவியது. காலிலிருந்து நரம்பொன்றை எடுத்து, அடைபட்ட இருதய நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் முறையை 1967 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிலைநாட்டியவர் ஆர்ஜென்டீனா தேசத்து வைத்தியர் ரெனே பவலோரோ. தமிழ்நாட்டில், சென்னை பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில் 1975 இல் அதைச் செய்து காட்டியவர் டாக்டர் கே. எம். செரியன். நமது கண்டி ஆஸ்பத்திரியும் இவ்விஷயத்தில் பின்தங்கியது அன்று. இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் அங்கேதான் நடைபெற்றது.

இவ்வளவு பெரிய வைத்தியத்தை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கொடாமல் ஏழைத் தொழிலாளி பெறுகிறார் என்பது இந்நாடு பெருமைப்படத்தக்க விஷயம். ஆனால் அங்கே வைத்தியர்கள் கையில் இருந்தது சில மணி நேரம். அதன்பின் வரும் பன்னிரண்டு வாரமும் வீட்டார் கையில்.

படுக்கை செய்யும் தீங்கு

முதலில் அன்பினால் செய்யும் பிழையைப் பார்ப்போம். "அப்பா, நீங்க எழும்பாதீங்க. தண்ணீ வேணுமா? நான் எடுத்துத் தாறேன்" என்று மகள் ஓடி வருகிறாள். சாப்பாடு பாயிலே. தேநீர் பாயிலே. நாள் முழுவதும் படுக்கை. கேட்டால், "இருதயத்துக்கு ஓய்வு வேண்டாமா?" என்கிறார்கள்.

ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்காக மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். 1952 இல், பொஸ்டன் நகரத்து டாக்டர் சாமுவேல் லெவைனும் அவருடைய மாணாக்கர் பேர்னார்ட் லவுனும், நோயாளிகளைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஐயோ, ஆபத்து என்று பலர் பதறினார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். அது சுவாசப்பைக்கு ஓடினால் உயிருக்கே ஆபத்து. சளி கட்டும், தசை கரையும், மனம் சோரும்.

1966 இல் டல்லாஸ் நகரில் ஒரு சோதனை நடைபெற்றது. இருபது வயதுள்ள ஆரோக்கியமான இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தனர். எழுந்தபோது அவர்களுடைய உடலின் உழைக்குந் திறன் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து, அதே ஐவரையும் மீண்டும் சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாயிருந்ததாம்! இருபது வயதுக் காளைகளுக்கே இக்கதி என்றால், அறுபது வயதில் நெஞ்சைத் திறந்து மூடிய ஒருவரைப் பாயோடு பாயாகக் கிடத்துவது எவ்வளவு பெரிய தவறு!

ஆகையால் நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் வாரம், ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. பின்பு தினந்தோறும் ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டிக்கொண்டே போனால், ஆறாம் வாரமளவில் அரைமணி நேரம் ஒரே தடவையில் நடக்கும் வலிமை பலருக்கு வந்துவிடும். அளவு தவறிவிட்டதா என்று அறிவதற்குக் கருவி வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் வாக்கியம் முறியாமல் பேச முடிகிறதா? சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு முட்டுகிறதா? நின்றுவிடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகும் வரையில் நடக்க வேண்டாம். பனிக் குளிர் விறைக்கும் அதிகாலையிலும் வேண்டாம்.

ஆனால் இந்தப் புத்தி எல்லாம் சமதரையில் வாழ்பவனுக்குச் சொன்னது. ஹுன்னஸ்கிரியவில் சமதரையை எங்கே தேடுவது? லயத்து வாசலில் உள்ள முற்றம் முப்பது நாற்பது அடி நீளம் இருக்கும். முதலிரண்டு வாரம் அதில் போய்ப் போய் வந்தால் போதும். அயலார் சிரித்தாலும் சிரிக்கட்டும். அதன் பிறகு பாதையில் இறங்கலாம். இங்கேதான் மலைநாட்டவர் அறியவேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. கீழே கடைவீதிக்கு இறங்கிப் போவது சுகமாயிருக்கும். உற்சாகத்தில் தூரமும் போய்விடுவார். திரும்பும்போதுதான் ஏற்றம் முழுவதும் முன்னே நிற்கும். அப்பொழுது களைப்பும் கூட. ஆகவே முதலில் ஏற்றத்தில் நடவுங்கள். களைத்ததும் இறக்கத்தில் வீடு திரும்புங்கள். கீழே இறங்கியே ஆகவேண்டிய லயமாயின், இறங்குவது போகக்கூடிய தூரத்தின் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். படி ஏறும்போது ஒரு படிக்கு இரு கால்களையும் வைத்து, ஐந்தாறு படிக்கு ஒரு தரம் நின்று மூச்செடுத்து ஏறலாம். கைப்பிடிக் கம்பியைச் சமநிலைக்காகத் தொடலாமே தவிர, அதைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கக் கூடாது.

எது பாரம்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முதல் ஆறு முதல் எட்டு வாரம் வரையில் 5 முதல் 10 இறாத்தலுக்கு மேல் தூக்கலாகாது என்பதே பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் சொல்லும் விதி. கிலோவில் சொன்னால் இரண்டு முதல் நாலரை. சொல்வது எளிது, வீட்டில் தராசு யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அதாவது 2.2 இறாத்தல். இந்தக் கணக்கைப் பாடசாலைப் பிள்ளைகள் அறிவார்கள். அவர்களே வீட்டுக்கு நிறுவையாளர்களாக இருக்கலாம். பத்து லீற்றர் கொள்ளும் குடம் நிறைந்தால் 22 இறாத்தலுக்கு மேல். ஆகாது. கடையில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பை 11 இறாத்தல். அதுவும் ஆகாது. 12.5 கிலோ எரிவாயு அடைத்த உருளையை, உருளையின் எடையும் சேர்த்தால், 50 இறாத்தலுக்கு மேல் வரும். அதைச் சரித்து உருட்டவும் கூடாது. பச்சை விறகுக் கட்டைப்பற்றிப் பேசவே வேண்டாம். அரைக் கேத்தல் தண்ணீர், ஒரு தட்டுச் சோறு, உரித்த தேங்காய் இரண்டு, படிக்கும் புத்தகம் ஆகிய இவை எல்லாம் ஆகும்.

ஆனால் எடை மட்டுமே எல்லாம் அன்று என்று இப்பொழுது தெரிய வந்திருக்கிறது. டல்லாஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலர் 2008 இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒரு மனிதன் இருமும்போது நெஞ்செலும்பின் குறுக்கே செல்லும் விசை சுமார் 60 இறாத்தல்! வீட்டிலே சாதாரணமாகத் தூக்கும் சாமான்களால் ஏற்படும் விசையைக் காட்டிலும் இது பெரிது. இருமலை எந்த வைத்தியராவது தடை செய்ய முடியுமா? ஆகவேதான் இருமவோ தும்மவோ வரும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு சேர்த்து இரு கைகளாலும் அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கண்டியிலிருந்து வரும் பஸ் பிரயாணத்திலும் அந்தத் தலையணை மடியில் இருக்கட்டும்.

எடையைவிட முக்கியமானது, அதை எப்படித் தூக்குகிறோம் என்பது. நீட்டிய ஒற்றைக் கையால், உடம்பை விட்டுத் தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும் நாலு இறாத்தல், இரு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துத் தூக்கும் எட்டு இறாத்தலைவிடப் பொல்லாதது. மேற்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். இரு அக்குளிலும் ஒவ்வொரு பத்திரிகையை மடித்து இடுக்கியிருப்பதாகவும், அது கீழே விழாமல் வேலை செய்ய வேண்டும் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். (ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை தடிப்பானது, பழகுவதற்கு அதுவே நல்லது.) அப்படி வைத்துக்கொண்டால் கை செய்யும் வேலையின் இழுப்பு நெஞ்செலும்பைப் பிரிக்காது. மூச்சை அடக்காமல், தூக்கும்போது வாயால் ஊதி வெளியே விடுங்கள்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 72 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2018 இல் வெளியாயிற்று. ஒரு பகுதியாருக்குப் பழைய கடுந்தடைகள். மற்றப் பகுதியாருக்கு, நோவு தோன்றாத அளவில் கைகளை உபயோகிக்க அநுமதி. இரண்டாவது பகுதியார் முதற்பகுதியாரைவிடக் கெட்டுப்போகவில்லை. இதைப் படித்துவிட்டு எவரும் உடனே குடத்தை எடுத்துவிட வேண்டாம். நீரிழிவு உள்ளவர், உடல் பருத்தவர், புகைபிடிப்பவர், நாட்பட்ட இருமல் உள்ளவர் ஆகியோருக்கு எலும்பு பொருந்துவது தாமதம். அவரவரை வெட்டித் தைத்த வைத்தியர் சொல்லும் அளவே அவரவருக்குச் சட்டம். நாம் இதிலிருந்து அறியவேண்டியது, கைகளைக் கட்டிப்போட்ட பொம்மைபோல் இருக்கவும் தேவையில்லை என்பதே. தோள்களை அசைக்காமலே வைத்திருந்தால் அவை விறைத்துப்போகும். இரு கைகளையும் ஒன்றாக, மெதுவாக, நோவில்லாத மட்டும் உயர்த்தி இறக்கலாம், தலைவாரலாம். ஒரு கை மேலேயும் மறு கை முதுகுக்குப் பின்னேயுமாக முறுக்குவதே ஆகாது.

தாயின் கஷ்டம்

ஆண்பிள்ளை நோயாளியைப்பற்றி இவ்வளவு சொன்னோம். உண்மையில் அவருக்கு ஓய்வு எளிது; எவரும் அவரிடம் சட்டி கழுவச் சொல்லப் போவதில்லை. வீட்டுத் தலைவியே நோயாளியாகும்போதுதான் சங்கடம் முற்றுகிறது. சிறு வயதில் தொண்டை நோவோடு வரும் வாதக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்து, பிள்ளை பெற்ற பிறகு மூச்சு முட்டத் தொடங்கிச் சத்திரசிகிச்சைக்கு ஆளாகும் இளந்தாய்மார் நம்மிடையே உண்டு. அப்படி ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள் என்று கற்பனை செய்துகொள்வோம். இரண்டு வாரமாகத் தாயைக் காணாத பத்து மாதக் குழந்தை, அவளைக் கண்டதும் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு அழுகிறது.

குழந்தையின் எடை எட்டு ஒன்பது கிலோ. ஏறக்குறைய 20 இறாத்தல். அதுமட்டுமா? அது கையில் அடங்கிக் கிடக்கும் சுமையும் அன்று. துள்ளும், வழுக்கும், சட்டென்று பின்னே சாயும். பிடிக்கப் போகும் தாயின் கை தன்னையறியாமல் விசுக்கென்று நீளும். கம்பி கட்டிய நெஞ்சுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை.

இங்கே "தொடாதே" என்று தடுக்கும் மாமியார் பாதி அறிவுள்ளவர். முழு அறிவுள்ளவர் இப்படிச் சொல்வார்: "புள்ள, நீ சுவரில சாஞ்சு உட்காரு. தலையணையை மடியில வச்சுக்க. நான் பிள்ளைய தூக்கித் தாறேன்."

"பால் குடுக்கலாமா மாமி?"

"டாக்டர்கிட்ட மருந்தக் காட்டிக் கேட்டியே, சரின்னுதானே சொன்னாரு? அப்ப என்ன? குடு."

தாய் உட்கார்ந்திருக்க, வேறொருவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, முடிந்ததும் தூக்கிச் செல்ல வேண்டும். தாயின் கை அணைக்கலாம், தூக்கலாகாது. நடக்கத் தெரிந்த பிள்ளையாயின், தாய் உட்கார்ந்துகொண்டு அதையே மடியில் ஏறச் சொல்லலாம். பால் கொடுக்கும் தாய் உட்கொள்ளும் மருந்துகளைப்பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்பது அவசியம். மார்பின் கனம் தையலைக் கீழ்நோக்கி இழுக்காதபடி, முன்புறம் கொளுவக்கூடிய, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை இரவிலும் அணிந்திருப்பது பெண்களுக்கு நல்லது. இதை ஆண் வைத்தியரிடம் கேட்க வெட்கப்படுபவர்கள் தாதிமாரிடம் கேட்கலாம்.

சமையலறையில் மறைந்து நிற்கும் பகைகள் வேறு. அம்மியில் சம்பல் அரைப்பது, ரொட்டிக்கு மா பிசைவது, துருவலையில் தேங்காய் துருவுவது, துணியைக் கல்லில் அடித்துத் தோய்த்துப் பிழிவது ஆகியவை தூக்கும் வேலைகள் அல்ல என்பதனால் பலரும் இவற்றைப் பாரமாக நினைப்பதில்லை. ஆனால் முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும் ஒவ்வோர் அசைவும் நெஞ்செலும்பின் இரு பாதிகளையும் அரைக்கும். மூன்று மாதம் வரையில் அம்மியை அவள் பார்க்கவே வேண்டாம். காய்கறி நறுக்கலாம், வெங்காயம் உரிக்கலாம், உட்கார்ந்தபடி துணி மடிக்கலாம். அறைகூட்டும் தும்புத்தடியை ஆறு வாரத்துக்குப் பின் பார்த்துக்கொள்வோம்.

எழுவதும் இருப்பதும்

படுக்கையிலிருந்து எழும்பும் வகை ஒன்று உண்டு. நேராக நிமிர்ந்து எழக் கூடாது. யாராவது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவும் கூடாது. உதவிக்கு வருகிறவர்கள் செய்யும் பெருந்தவறு அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது. முழங்காலை மடித்து, உடம்பை ஒரே மரம்போல ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், அந்தப் பாரத்திலேயே உடம்பு நிமிர்ந்துவிடும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் இது இயலாது. ஆகையால் மூன்று மாதத்துக்கு எங்கேயாவது ஒரு கட்டிலை இரவல் வாங்கியாவது போடுங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது விளிம்புக்கு நகர்ந்து, கைகளை நெஞ்சில் குறுக்காக மடித்து, கால் பலத்தால் எழ வேண்டும்.

சொல்லக் கூச்சமாயிருந்தாலும் சொல்லவேண்டியது மலகூடத்தைப்பற்றி. குந்தியிருந்து முக்குவது மூச்சடைத்துப் பாரம் தூக்குவதற்குச் சமம். அங்கே தலைசுற்றி விழுபவர்களும் உண்டு. நடுவில் துவாரமிட்ட நாற்காலியொன்றை மேலே வைத்துக்கொள்வது உத்தமம். கதவைத் தாழிட வேண்டாம். மலச்சிக்கல் ஏற்படாதபடி பழங்களும் கீரையும் உண்ண வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் குளிகை எடுப்பவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பஸ்ஸில் மேலே உள்ள கம்பியைப் பற்றித் தொங்கிக்கொண்டு வளைவுகளைக் கடப்பது கூடவே கூடாது. இடமில்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள். காரில் சென்றால் ஆசனப் பட்டியை நிச்சயம் அணிய வேண்டும். உறுத்தாமல் இருக்க இடையே ஒரு துவாயை மடித்து வைக்கலாம். முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைப்பவர் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்து, வைத்தியரின் அநுமதி பெற்ற பின்பே கைப்பிடியைத் தொட வேண்டும். கோயிலில் கும்பிடலாம், தரையில் விழுந்து நமஸ்கரிப்பதும், மணிக்கயிறு இழுப்பதும், தேர் வடம் பிடிப்பதும் மூன்று மாதத்துக்குப் பின். ஆண்டவன் கணக்கு வைத்திருக்க மாட்டான். இல்லறத் தொடர்பைப்பற்றிக் கேட்க நாணிச் சும்மா இருப்போர் பலர். இரண்டு மாடிப் படிகளை இளைப்பின்றி ஏறக்கூடியவருக்கு, கைகளிலும் மார்பிலும் பாரம் விழாதவரையில், பொதுவாகத் தடையில்லை.

இன்னொன்று. தேறிக்கொண்டு வரும் மனிதர் மூன்றாம் நாலாம் வாரத்தில் காரணமின்றிக் கண்ணீர் விடுவதும், எரிந்து விழுவதும், உறக்கமின்றித் தவிப்பதும் உண்டு. ஊருக்கே விறகு வெட்டிக் கொடுத்த கைகள் ஒரு வாளியைத் தூக்கவும் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருந்தால், மனம் எப்படி ஒடுங்காமல் இருக்கும்? இது பெரும்பாலும் சில வாரத்தில் நீங்கும். நீங்காவிட்டால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதுவும் வைத்தியத்துக்குரிய நோயே.

காத்திருக்கக் கூடாத வேளை

அசையும்போதோ இருமும்போதோ நெஞ்சில் 'கடக்' என்று ஏதோ இடம் பெயர்வதுபோலத் தோன்றினால், நோவு இல்லாவிட்டாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தையல் சிவந்து நீர் வடிதல், காய்ச்சல், ஒரே நாளில் இரண்டு மூன்று இறாத்தல் எடை ஏறுதல், இரு கால்களும் வீங்குதல் ஆகியனவும் அப்படியே. பைபாஸ் செய்தவருக்கு நரம்பெடுத்த கால் மட்டும் சற்று வீங்குவது வழக்கம். உட்காரும்போது அதை உயர்த்தி வைத்தால் வற்றும். ஆனால் மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சை அழுத்தும் நோவு, வாய் கோணுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், சாமி அறைக்கும் பரியாரி வீட்டுக்கும் ஓடாமல், 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு வண்டி ஏறாது என்றால், நோயாளியை நடக்க விடாமல் நாற்காலியோடு தூக்கிப் பாதைக்குக் கொண்டுவருவதற்கு நால்வரை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

மீண்டும் மலைக்கு

மூன்று மாதம் சென்றது, எலும்பு இறுகிவிட்டது. வேலைக்குப் போகலாமா? கந்தோரில் உட்கார்ந்து எழுதுகிறவர் அதற்கு முன்னமே போகலாம். தோட்டத் தொழிலாளிக்கு அப்படியன்று. கூடையின் கயிறு தலையில் அழுந்த, சரிவில் கால் ஊன்றி, இரு கைகளும் முன்னும் பக்கமுமாக விரைந்து கொய்யும் வேலை அது. பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய அளவு 18 கிலோ. கவ்வாத்து வெட்டும் ஆணுக்கோ, ஒற்றைக் கையை ஓங்கி வீசும் ஒவ்வொரு வீச்சிலும் நெஞ்சு இழுபடும். வார்பரின் எடுப்பவராயின் கத்தி பட்ட சிறு காயமும் நிற்காமல் ஒழுகும். ஐம்பது கிலோ உர மூட்டையை இனிமேல் சுமக்கவே வேண்டாம் என்று சில நோயாளிகளுக்கு வைத்தியர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கித் தோட்டத்துரையிடம் கொடுத்து, பாரமற்ற வேலையைக் கேட்பதில் வெட்கமில்லை. திரும்பிய முதல் வாரத்திலேயே முழுக் கூடை நிறைக்க முனைய வேண்டாம். அரைநாள் வேலை, அரைக் கூடை, அடிக்கடி மடுவத்தில் இறக்குதல் என்று தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டலாம். சம்பளம் குறையும். அந்த இரண்டு மாதத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் எவ்விதமேனும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

வைத்தியர்கள் தோட்ட வேலையைக் கண்ணால் கண்டவர்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. "வேலைக்குப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், "மெதுவாகப் போங்கள்" என்ற பொதுவான விடைதான் கிடைக்கும். ஆகவே மூன்றாம் மாதக் கிளினிக்குக்குப் புறப்படும் முதல் நாள் இரவு, வீட்டில் படிக்கும் பிள்ளை ஒரு கடதாசியில் எழுதட்டும்: பீலியிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி, குடம் எத்தனை லீற்றர், கூடை நிறைந்தால் எத்தனை கிலோ, குழந்தை இப்போது என்ன எடை. தமிழில் எழுதி, தெரிந்தால் பக்கத்தில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதட்டும். காலைப் பஸ்ஸில் கண்டிக்குப் போகும்போது, கார்ட்டோடு அந்தக் கடதாசியையும் மடித்து எடுத்துச் சென்று, வைத்தியர் முன் விரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆம்" அல்லது "இல்லை" என்று எழுதி வாங்கி வாருங்கள்.